மோட்டார் இல்லாத பம்பு

மோட்டார் இல்லாத பம்பை மோட்டார்காரர் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் மோட்டாருக்குள் கையை விட்டுப் பிழைத்த மனுஷன். கரண்டு இல்லாமல், சத்தம் இல்லாமல், சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லாமல் ஒரு சாமான் எப்படித் தள்ளும்? குழந்தைக்குப் பால் கொடுக்கிற பாட்டில் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதற்குள் ஊதி வைத்த பலூன் மாதிரி ஒரு ரப்பர் பந்து. பந்துக்குள் மருந்து. ரப்பர் சுருங்கச் சுருங்க மருந்து மெல்லிய குழாய் வழியாக அவர் நெஞ்சுக்குள் போய்க்கொண்டே இருக்குமாம். இரண்டு நாள் போகுமாம். வீட்டில் உட்கார்ந்தபடியே, நடந்தபடியே, தூங்கினபடியே.

"இது பம்பா சிஸ்டர்?" என்று முதல் நாளே கேட்டார்.

"ஆமா ஐயா, பம்புதான்."

"மோட்டார் எங்க?"

"மோட்டார் கிடையாது. ரப்பரே தள்ளிடும்."

மோட்டார்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சிஸ்டரைப் பார்த்தாள். நீங்கள் கொடுத்த சில்லறையை எண்ணிப் பார்க்காமல் பையில் போடமாட்டேன் என்கிற பார்வை அது.

இந்த மனைவிக்குத் தெருவில் காயிலக்கா என்று பெயர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பேரிங் மாற்றி, மறுபடி பூட்டுவது அவர் வேலை. கருகின செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் காயில் கட்டி உள்ளே இறக்குவது இவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் பொழுது போகாமல் கற்றுக்கொண்டது. அவள் கட்டின காயில் எரிந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. அடுப்பில் எதை வைத்தாலும் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனைதான் வரும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு வாசனை இருப்பதே மறந்துவிட்டது.

அவருக்குக் குடலில் கட்டி. புற்று என்ற வார்த்தையை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "முதல்ல மருந்து குடுத்துக் கட்டியச் சுருக்கணும். சுருங்கினா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். சுருங்கலேன்னா கத்தி வெக்கறதுல அர்த்தம் இல்ல." அத்தோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஆக, எல்லாமே அந்தப் பாட்டிலில்தான் இருந்தது. சில பாட்டில்கள் ஏறின பிறகு ஸ்கேன். ஸ்கேன் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.

மருந்து ஏற்றும் அறையில் சாய்ந்து படுக்கிற நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எல்லா நாற்காலியிலும் ஆள். தலையில் துணி கட்டினவர்கள், தொப்பி போட்டவர்கள், கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பவர்கள். நடுவில் சிஸ்டர், நிற்க நேரமில்லாமல். கறாரான மனுஷி. இந்த மருந்தையே ஏற்றிக்கொள்ள முன்பெல்லாம் இரண்டு நாள் வார்டில் கம்பியோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்துக் கிடக்க வேண்டும். படுக்கை கிடைக்காமல் எத்தனையோ பேருக்கு மருந்து தள்ளித் தள்ளிப் போகும். வீட்டுக்கே கொண்டுபோகிற பாட்டில் வந்துவிட்டது என்று தெரிந்ததும், இங்கேயும் வேண்டும் என்று டாக்டர்களின் பின்னாலேயே அலைந்து வாங்கினது இந்த சிஸ்டர்தான். "வீட்ல கொடுத்தா இவங்களால பாத்துக்க முடியாது சிஸ்டர்" என்று டாக்டர் சொன்னபோது, "பாத்துக்குவாங்க சார், நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு பாட்டிலும் காலியாகத் திரும்பி வருவதில் அவருடைய மானமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

காயிலக்காவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கண்ணால் கண்டதுதான். சிஸ்டர் அந்தப் பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் நீள அங்கி போட்டுக்கொண்டார். ஒரு கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை மாட்டினார். முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. அத்தனையும் மாட்டிக்கொண்டு வந்து, மோட்டார்காரருடைய காறை எலும்புக்குக் கீழே, மருந்து ஏற்றவென்று தோலுக்கடியில் ஏற்கெனவே வைத்திருந்த வட்டச் சில்லில் ஊசியைக் குத்தி, குழாயைப் பொருத்தினார்.

"பாத்தியா?" என்று பிற்பாடு தம்பியிடம் சொன்னாள். "அவங்க கையில ஒரு சொட்டு படக்கூடாதாம். அவ்வளவு உறை. அதையே இவர் நெஞ்சுக்குள்ள விடறாங்க."

தம்பி பஸ்களில் டிக்கெட் பரிசோதிக்கிறவன். தெருவில் அவனுக்குச் செக்கர் என்று பெயர். வேலைப் பழக்கம், யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காமல் ஏறினவன் மாதிரிதான் அவனுக்குத் தெரியும். சொந்த அக்கா வீட்டில் டீ குடித்தால்கூட டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பான்.

"எனக்கு அப்பவே டவுட்டு அக்கா. அந்தப் பாட்டில் புதுசுதானா? ஒருத்தருக்குப் போட்டதைக் கழுவி இன்னொருத்தருக்குப் போடறாங்களான்னு யாரு பாக்கறா?"

"சீல் உடைச்சாங்கடா. பாத்தேன்."

"சீலு ஒட்டறது பெரிய வேலையா?"

சிஸ்டர் சொல்லி அனுப்பின விதிகள் இவை: "குழாயில இருக்கற இந்தக் கிளிப் எப்பவும் திறந்தே இருக்கணும், மூடினா மருந்து நின்னுடும். இந்தச் சின்னத் துண்டு உடம்போட ஒட்டியே இருக்கணும். ஊசி இருக்கற இடம் நனையக்கூடாது. கசிஞ்சா தொடாதீங்க, போன் பண்ணுங்க." எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்னது. கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி ஒரே மூச்சில் வந்தது. சின்னத் துண்டு என்பது குழாயின் கடைசியில் இருந்த, பட்டாணியை நீட்டிவிட்ட மாதிரியான ஒரு கெட்டிப் பிளாஸ்டிக். அதை நெஞ்சின் மேல் வைத்து டேப்பால் ஒட்டி அனுப்புவார்கள்.

அது வெயில் காலம். கடையின் தகரக் கூரை காலையிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். மோட்டார்காரர் மருந்து ஏறுகிற நாட்களில் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு, முன்பக்கம் என்ன சத்தம் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். கஞ்சி வைத்தால் ஒரு வாய், ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் அரை வாய். அதுவும் உள்ளே தங்காது. குமட்டல் வந்தால் பக்கத்தில் பழைய வார்னிஷ் டப்பா. அவள் கம்பியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து முதுகைத் தடவுவாள். தடவிக்கொண்டே, இந்த மருந்து கட்டியைக் கொல்கிறதா ஆளைக் கொல்கிறதா என்று தனக்குள் கேட்டுக்கொள்வாள்.

டேப் ஒட்டின இடத்தில் அவருக்குத் தோல் சிவந்து அரித்தது. முதல் பாட்டிலின்போதே, "இதக் கொஞ்சம் எடுத்து விடேன், எரியுது" என்றார். ஊசி பக்கம் போகாமல் டேப்பை மட்டும் மெல்ல உரித்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். கதகதவென்று இருந்தது. அவ்வளவு மருந்தும் இந்தப் பட்டாணியத்தனை துண்டு வழியாகத்தான் போகிறது, சூடேறாமல் என்ன செய்யும் என்று அவளுக்குப் பட்டது. கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, துண்டைச் சுற்றி, சட்டைக்கு மேலே வைத்தாள். பாட்டிலையும் பையோடு ஈரச் சாக்கு மடிப்பில் படுக்க வைத்தாள். யோசித்தெல்லாம் செய்யவில்லை. புதுக் காயில் கட்டின மோட்டாரை ஓடவிட்டுச் சோதிக்கும்போது, உள்ளங்கையை அதன் முதுகில் வைத்துப் பார்ப்பார்கள். கை பொறுத்தால் சரி. பொறுக்காவிட்டால் ஈரச் சாக்கைப் போர்த்துவார்கள். சூடு ஏறினால் காயில் போச்சு. அந்தக் கை இங்கேயும் அதைத்தான் செய்தது.

"இப்ப பரவால்லையா?"

"ம். குளுகுளுன்னு இருக்கு."

முதல் பாட்டில் மிச்சத்தோடு திரும்பியபோது சிஸ்டர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டிலில் ஏதோ கோளாறு இருக்கும், அடுத்த தடவை வேறு பெட்டியிலிருந்து போடுகிறேன் என்றார். இரண்டாவது பாட்டிலோடு போன அன்றைக்கு அவர் முகம் மாறிவிட்டது.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மருந்து முழுக்கப் போயிருந்தால் ரப்பர் சுருங்கி நடுத்தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பந்து இன்னும் பந்தாகவே இருந்தது. கால் பங்குக்கு மேல் மிச்சம்.

"இது என்ன கோடு?" என்றார். பாட்டிலின் வெளியே மார்க்கர் பேனாவால் கோடுகள்.

"என் தம்பி போட்டது. எவ்வளவு எறங்குதுன்னு பாக்கறதுக்கு."

"பாட்டில்ல எல்லாம் கிறுக்கக்கூடாதும்மா."

"கோடு போட்டா மருந்து எறங்காதா?"

சிஸ்டர் பாட்டிலைத் தட்டில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, கிளிப்ப மூடினீங்களா?"

"நான் எதுக்கு மூடறேன்?"

"வாந்தி ஜாஸ்தியா இருந்தா வீட்ல இருக்கறவங்க பயந்துபோய் மூடி வெச்சுடறது உண்டு. திட்டமாட்டேன். உண்மையச் சொல்லுங்க."

"திட்டமாட்டேன்னு சொல்றதே திட்டற மாதிரி இருக்கே சிஸ்டர். போன தடவ பாட்டில்ல கோளாறுன்னீங்க. இந்தத் தடவ என்ன, எங்க மேல கோளாறா?"

"இதே பெட்டியில இருந்து எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன். எல்லாம் காலியா வந்துடுச்சு. உங்களோடது மட்டும் ரெண்டு தடவையும் மிச்சம்."

"அப்ப எங்களுக்குன்னு பாத்துக் குடுத்தீங்களோ என்னமோ."

பக்கத்து நாற்காலியில் கண் மூடிக் கிடந்தவர்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் நாற்காலியிலிருந்து மோட்டார்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் மூடினேன்."

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"எப்ப?" என்றார் சிஸ்டர்.

"தூங்கறதுக்கு முன்னாடி. குமட்டல் தாங்கல. மூடிட்டுப் படுத்தேன். எந்திரிச்சதும் திறந்துட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்தான்."

சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். புருஷன் மனைவிக்காகப் பொய் சொல்கிறார் என்பது அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. பொய்தான். அதைக் கண்டுபிடித்த மாதிரியே மற்றதையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். கதவுக்குள்ளிருந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று டாக்டர் சொன்னது வெளியிலும் கேட்டது. வெளியே வந்த சிஸ்டர் இப்படிச் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு பாட்டில் வீட்டுக்குக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. அதுவும் மிச்சமா வந்தா வீட்டுக்குக் குடுக்கமாட்டாங்க. வார்டுல படுக்கை கிடைக்கற வரைக்கும் மருந்து கிடையாது. எப்பக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் கட்டி நமக்காகக் காத்துட்டு இருக்காது."

வீட்டுக்கு வந்து கடையைத் திறந்து, ஒரு மோட்டாரைக் கவிழ்த்துப் போட்டுக் கருகின கம்பியை உருவிக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"ஏன் மூடினீங்க?"

"விடு. நடந்தது நடந்து போச்சு."

"என்ன விடு? ஒரு காயில்ல ஒரு சுத்து குறைஞ்சாலே கத்துவீங்க. இங்க மருந்தயே பாதியில நிறுத்திட்டு விடுங்கறீங்க."

"நான் உன்ன ஏதாவது கேட்டேனா? அப்புறம் நீ மட்டும் ஏன் கேக்கற?"

"என்னக் கேக்க என்ன இருக்கு?"

அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒருத்தரைப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்ட முகமாக இருந்தது. தப்பு செய்தவருக்கு அந்த முகம் எப்படி வந்தது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாகத் துணிந்துவிட்டாரே என்பதுதான் அவளுக்கு வலித்தது. உருவின கம்பி விரலைக் கீறி ரத்தம் வந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

அடுத்த பாட்டில் மாட்டி வந்ததிலிருந்து அவள் கடையைத் திறக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் கையை நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனால், "என்ன?" என்பாள்.

"அரிக்குது."

"எங்க? நான் சொறியறேன்."

பாத்ரூமுக்குப் போனால் கதவைச் சாத்தவிடவில்லை. "பாதிக் கதவு போதும்" என்றாள். அவரும் பதிலுக்கு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்தால் கண்ணைத் திறந்தார், உட்கார்ந்தால் மூடினார். ஒரு சின்ன வீட்டுக்குள் இரண்டு காவல்காரர்கள், ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்துக்கொண்டு. துணி காயக் காய அவள் மட்டும் மறக்காமல் நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை செக்கர் டியூட்டிக்குப் போகிற வழியில் வந்தான். வந்ததும் வராததுமாகப் பாட்டிலை எடுத்து போன் வெளிச்சத்தை அடித்தான்.

"அக்கா, நேத்துப் போட்ட கோட்டுக்கும் இதுக்கும் பெருசா ஒண்ணும் எறங்கலையே."

அவளும் பார்த்தாள். "கிளிப் திறந்துதான்டா இருக்கு. நான் கண்ண எடுக்கல. இவர் தொடவே இல்ல."

"மாமா தொடல. நீ தொடல. கிளிப்பும் திறந்திருக்கு. அப்புறமும் எறங்கலேன்னா தப்பு யார்கிட்ட? நான் தினம் பாக்கறேன் அக்கா, எவன் சத்தமா பேசறானோ அவன்கிட்டதான் டிக்கெட் இருக்காது."

"இன்னிக்கு அந்த சிஸ்டரே வர்றாங்களாம். வீட்டுல பாக்கணுமாம்."

"வரட்டும். கோட்டக் காட்டு. விடாத." புதுசாக ஒரு கோடு போட்டுப் பாட்டிலை வைத்துவிட்டு, படுத்திருந்தவரைப் பார்த்து, "நீங்க கவலைப்படாதீங்க மாமா, கையும் களவுமா பிடிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். மோட்டார்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிய வெயிலில் சிஸ்டர் குடையோடு வந்தார். சாதாரணப் புடவையில், தோளில் ஒரு பையோடு, அங்கியும் முகமூடியும் இல்லாமல் பார்த்தபோது காயிலக்காவுக்கு அடையாளமே தெரியவில்லை. களைத்துப்போன, கண்ணுக்குக் கீழே கறுத்த ஒரு பொம்பளை. வார்னிஷ் வாசனைக்கு மூக்கைப் பொத்தவில்லை. அதையும் அக்கா கவனித்தாள், சந்தேகத்தோடுதான்.

"தண்ணி குடிக்கறீங்களா?"

"அப்புறம் குடிக்கறேன்." நேராகக் கட்டிலுக்குப் போய்க் குனிந்து முதலில் கிளிப்பைத்தான் பார்த்தார். திறந்திருந்தது.

"திறந்துதான் இருக்கு," என்றாள் அக்கா. "நேத்துல இருந்து திறந்துதான் இருக்கு. இப்ப இதப் பாருங்க." பாட்டிலை எடுத்து முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது நேத்து சாயந்தரம் போட்ட கோடு. இது இன்னிக்குக் காலையில போட்டது. யாரும் மூடல. ஏன் எறங்கல? சொல்லுங்க. உங்க மேல சத்தியமா கேக்கறேன், நல்ல பாட்டில்தானா இது?"

சிஸ்டர் பாட்டிலை வாங்கினார். அது சில்லென்று இருந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பாட்டிலிலிருந்து குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் மடங்கவில்லை, எங்கேயும் நசுங்கவில்லை. கிளிப்பைத் தாண்டி, சட்டைக்கு மேலே இருந்த வெள்ளைப் பொட்டலத்தில் விரல் வந்து நின்றது.

"இது என்ன?"

"துணி."

"ஈரமா இருக்கு."

"ஈரமாத்தான் இருக்கும். நான்தான் நனைச்சுப் போடறேன். அந்தத் துண்டு சூடாகுதுல்ல."

"எப்பயிருந்து?"

"மொதல்ல இருந்தே. டேப்பு எரியுதுன்னார். எடுத்துப் பாத்தா கதகதன்னு இருந்துச்சு. ஊசிகிட்ட ஒரு சொட்டு தண்ணி படாமதான் வெச்சேன்."

சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். துணியைப் பிரித்துத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, அது சூடாத்தான் இருக்கணும். இதுக்குள்ள தலைமுடியவிடச் சன்னமா ஒரு வழி இருக்கு. மருந்து எவ்வளவு வேகத்துல போகணும்ங்கறத இதுதான் கட்டுப்படுத்தி அனுப்புது. உடம்புச் சூட்டுக்குக் கணக்குப் பண்ணிச் செஞ்சது. அதுக்குத்தான் தோலோட ஒட்டறது. குளிர்ந்துபோச்சுன்னா மருந்து கெட்டிப்பட்டு மெதுவா ஆயிடும். பாட்டிலும் சேந்து குளிர்ந்தா இன்னும் மெதுவா."

காயிலக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். முதலில் புரிந்துகொண்டது மோட்டார்காரர்தான். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"குளிர் நாள்ல காலையில கிரீஸ் இறுகிப்போய் மோட்டார் முனகுமே, அது மாதிரி," என்றார் அவளிடம்.

"தெரியுது," என்றாள் அவள். அவள் கண் அந்தத் துணியிலேயே இருந்தது. "அப்போ நான்தானா சிஸ்டர்?"

சிஸ்டர் அந்த ஈரத் துணியைக் கட்டில் ஓரத்தில் மடித்து வைத்தார்.

"மருந்து உள்ள போகவிடாம இத்தன நாளும் நான்தான் உக்காந்து நனைச்சு நனைச்சுப் போட்டுட்டு இருந்தேனா?"

"ஒட்டியிருக்கணும்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன்," என்றார் சிஸ்டர். "ஏன்னு ஒரு தடவகூடச் சொல்லல. சொன்னா இவங்களுக்கு எங்க புரியப்போகுதுன்னு ஒரு நினைப்பு. அது என் தப்பு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னிக்கு நான் வந்ததே உங்களைப் பிடிக்கத்தான்மா. நீங்கதான் மூடறீங்கன்னு முடிவே பண்ணிட்டேன்" என்றார்.

"நானும் உங்களைப் பிடிக்கத்தான் உக்காந்திருந்தேன்," என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு சிரிப்பும் வந்து தொலைத்தது.

சிஸ்டர் பையிலிருந்து வேறு மாதிரி டேப் எடுத்தார். சிவந்த இடத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நல்ல தோலில் துண்டை வைத்து ஒட்டினார். பாட்டிலைத் துடைத்துப் பையில் போட்டு அவர் இடுப்பில் கட்டினார். ஈரச் சாக்கை அவள் கையிலேயே கொடுத்து, "இது கடைக்கு" என்றார்.

"போன ரெண்டு தடவ குறைஞ்சு போச்சே. அதனால கட்டி சுருங்காம போயிடுமா?"

"தெரியாதும்மா. இல்லன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். முக்கால்வாசிக்குக் கிட்ட உள்ள போயிருக்கு. ஸ்கேன் பண்ணாத்தான் தெரியும். இனிமே ஒழுங்காப் போகும், அது நிச்சயம். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

தண்ணீரை வாங்கிக் குடித்தார். குடையை எடுத்தவர் அப்போதுதான் நினைவு வந்த மாதிரி திரும்பினார். "ஐயா, அப்ப நீங்க மூடினேன்னு சொன்னது?"

மோட்டார்காரர் டேப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "மூடல."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"இவ மூடியிருப்பான்னு நெனச்சேன். எல்லார் முன்னாலயும் இவள நிக்கவெச்சுக் கேக்கறீங்களேன்னு இருந்துச்சு."

சிஸ்டர், இனி அங்கே தனக்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டவராகக் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அவள் திரையை இழுத்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று முதலில் மனசு நெகிழ்ந்தது. கொஞ்ச நேரம் போனதும் அந்த நெகிழ்ச்சிக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. காயிலுக்குள் ஒரு கம்பி மட்டும் தளர்ந்திருந்தால் அவள் விரலுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"கிளிப்பு உங்க நெஞ்சு மேலதான தொங்கிட்டு இருந்துச்சு? தலையக் குனிஞ்சா தெரியும். நான் மூடிட்டேன்னு நெனச்சவரு, ஒரு தடவ குனிஞ்சு பாக்கலையா?"

"பாக்கல."

"அடுத்தவன் மோட்டார்ல ஒரு நட்டு லூசா இருந்தாக்கூடத் தொட்டுப் பாக்கற ஆளு. உங்க உயிரு ஓடற குழாய ஏன் பாக்கல?"

வெளியே யாரோ கடை வாசலில் நின்று, "காயிலக்கா!" என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டவர்கள் போய்விட்டார்கள்.

"பாத்தா திறக்கணும்ல," என்றார் அவர்.

அவள் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் குடல வெளிய எடுத்துப் போடற மாதிரி இருக்கு. நானா நிறுத்தறதுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. நீ பாத்துப் பரிதாபப்பட்டு மூடிட்டேன்னு நெனச்சேன். சரி, மூடினது மூடினதாவே இருக்கட்டும்னு கண்ண மூடிட்டுப் படுத்துட்டேன். உனக்குத்தான் நன்றி சொல்லிட்டு இருந்தேன், மனசுக்குள்ள."

"நான் உங்களக் கொல்றேன்னு நெனச்சு நன்றி சொன்னீங்களா?"

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எதையாவது தூக்கி எறியலாம் போலிருந்தது. கையில் ஈரச் சாக்குதான் இருந்தது. அதைத் திரைக்கு அந்தப் பக்கம் கடைக்குள் வீசினாள். பிறகு அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, புது டேப்பின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரின் முதுகில் வைக்கிற அதே மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அடியில் அந்தத் துண்டு மெல்ல மெல்லச் சூடேறியது. அதற்கும் அடியில் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

"நான் மூடமாட்டேன்," என்றாள். "நீங்க கெஞ்சினாலும் மூடமாட்டேன். தெரிஞ்சுக்கங்க."

"ம்."

"இப்பப் பாருங்க."

"என்னத்த?"

"கிளிப்ப. என் கண்ணு முன்னால குனிஞ்சு பாருங்க."

அவர் தலையணைக்கு அடியில் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மோவாயை நெஞ்சில் இடித்துக்கொண்டு, குழாயை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, வேலைக்கு வந்த சாமானைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"திறந்திருக்கு," என்றார்.

அவள் அதை நம்பாமல், தானும் குனிந்து ஒரு தடவை பார்த்தாள்.